வயசானா அப்படித்தானா?

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. சில மாதங்களாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். போன வாரம் பால் பாக்கெட்டைப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றிருக்கிறார். என் கணவரோ, "வயசானா அப்படித்தான். அல்சைமர் எல்லாம் வெள்ளைக்காரங்க வியாதி" என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: இல்லவே இல்லை, சகோதரி. பால் பாக்கெட்டை விடுங்கள், நானே மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்திருக்கிறேன். ஆனால் வருஷக்கணக்கில் நடந்த தெருவில் திகைத்து நின்றதை அப்படி விட முடியாது.

உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கெடுப்புகளே ஒரு காலத்தில் அப்படித்தான் காட்டின. சென்னை, வேலூர் உட்பட இந்தியா, சீனா, லத்தீன் அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. வழக்கமான மருத்துவ அளவுகோலில் நம் கிராமப்புறத்தில் டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய்கள், வெறும் 0.3 சதவீதம். அதே ஆய்வுக் குழு இந்த மாதிரி ஊர்களுக்கென்று வகுத்த அளவுகோலிலோ, எந்த ஊரிலும் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை!

ஏன் இந்த வித்தியாசம்? முதல் அளவுகோலில், அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. நம் வீட்டில் தட்டில் சோறு வந்துவிடும், மாத்திரையை மருமகள் கையில் கொடுப்பாள், கோயிலுக்குப் பேரன் கூடப் போவான். பிறகு என்ன பாதிப்பு தெரியும்? "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வயசாச்சு" என்போம். நாம் தாங்குகிற தாங்கலே நோயை மறைத்துவிடுகிறது.

2021இல் உலகில் டிமென்ஷியாவோடு இருந்தவர்கள் 5.7 கோடி. அதில் 60 சதவீதத்துக்கும் மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. வெள்ளைக்காரர் வியாதியாம்!

அதற்காக இது டிமென்ஷியாதான் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை இருக்கிறது, அழைத்துப் போங்கள். அதுவரை "இப்பத்தானே சொன்னேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருடைய சுருக்குப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

டாக்டரிடம் போகும் அன்று உங்கள் கணவர் லீவு போட்டுக் கூட வரட்டும். "அம்மா முன்னே எப்படி இருந்தாங்க?" என்று டாக்டர் கேட்பார். அது அவருக்குத்தானே தெரியும்.