சிஸ்டரிடம் கேளுங்கள்: அட்டைக்கடி ரத்தமும் டீச்சரின் விரலும்

கேள்வி: எஸ்டேட் பள்ளியில் தமிழ் மீடியம் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒரு பையனுக்கு அட்டை கடித்து ரத்தம் நிற்கவே இல்லை. வெறுங்கையால் துடைத்துக் கட்டுப் போட்டேன். என் விரலில் காய் நறுக்கிய வெட்டு இருந்தது. ஏதாவது தொற்றியிருக்குமா, சிஸ்டர்?
- ஒரு வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: டீச்சர், மலையில் டிஸ்பென்சரி நர்ஸாக இருந்தவள் நான். ஜூன் மழை பிடித்தால் வெள்ளை சாக்ஸ் சிவந்து போய் வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறைய விடாது. அதனால்தான் பொட்டளவு கடிக்கு அத்தனை ஒழுகல்.

சரி, உங்கள் விரலுக்கு வருவோம். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலே ஆயிரத்தில் 3 பேருக்குத்தான் தொற்றும். வெட்டில் ரத்தம் பட்டால் அதைவிடக் குறைவு. எனக்குக் கவலை கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி மேல்தான். காய்ந்த ரத்தத்தில்கூட அந்த வைரஸ் 7 நாள் தாக்குப்பிடிக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கைக்குழந்தையிலேயே அதற்கு ஊசி போட்டுவிடுகிறார்கள். நம் வயதுக்காரர்கள் பலர் போட்டிருக்க மாட்டோம். நாளைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்ததை அப்படியே சொல்லி, ரத்தப் பரிசோதனையும் முதல் ஊசியும் கேளுங்கள். ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. மூன்றையும் முடிக்க வேண்டும்.

இனி இப்படி நடந்தால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெட்டைப் பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

அந்தப் பையனுக்கு வியாதி உண்டா என்று அவன் அம்மாவிடம் மட்டும் துருவாதீர்கள், தயவுசெய்து. லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்கு வியாதிக்கார வீடு என்று பேர் வந்தால் பிள்ளையின் படிப்பே போய்விடும். எந்தப் பிள்ளையின் ரத்தமானாலும் கையுறை போடுங்கள், அது போதும். மேஜை டிராயரில் ஒரு டப்பா இருக்கட்டும். இல்லாத நேரத்தில் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் துணியைக் கொடுத்து அவனையே அழுத்திப் பிடிக்கச் சொல்லலாம்.

அப்புறம், உங்கள் பள்ளி ஆயா. தரையில் சிந்தியதைத் துடைத்தது அவராகத்தான் இருக்கும். அவருக்கும் கையுறை வேண்டும். முதலில் பழைய பேப்பரால் ரத்தத்தை ஒற்றி எடுக்கட்டும். கடையில் வாங்கும் பிளீச்சிங் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் விட்டுத் துடைக்கட்டும். கழிப்பறை ஆசிடை அதோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். ஊசி போடப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டீச்சர்.