வாசகர் கேள்வி பதில்: ‘அவங்களே அப்படித்தான்’ என்பவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முஸ்லிம்களைத் தப்பாகக் காட்டும் வீடியோ ஒன்றைப் பெரியப்பா போட்டிருக்கிறார். பொய் என்று தோன்றுகிறது. குழுவிலேயே மறுக்கலாமா?

பதில்: தோன்றினால் போதாது, முதலில் பாருங்கள். வீடியோவை இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். வண்டியின் நம்பர் பிளேட், போலீஸ் சீருடை, கடைப் பலகையின் எழுத்து இவற்றைக் கவனியுங்கள். இத்தகைய வீடியோக்களில் காட்சி பெரும்பாலும் நிஜம்தான். நாடும் வருடமும் வேறாக இருக்கும், மேலே ஒட்டிய வாசகம்தான் புளுகு.

அடுத்து, பெரியப்பாவிடம் தனியாகப் பேசுங்கள். நாலு பேர் முன்னால் திருத்தினால், அவர் வீடியோவை விட்டுவிட்டுத் தன் மரியாதையைக் காப்பாற்றத்தான் வாதாடுவார். “இது வேற நாட்டில் எடுத்தது பெரியப்பா, நீங்களே எடுத்துடுங்க” என்றால் போதும். நாளாகி அவரால் நீக்க முடியாவிட்டால் அட்மின் நீக்கலாம். குழுவில் இரண்டே வரி போடுங்கள், உண்மையை முதல் வரியில். அந்த வீடியோவையே மறுபடி அனுப்பி ‘இது பொய்’ என்று எழுதாதீர்கள். அடுத்த ஃபார்வர்டில் வீடியோ மட்டும் போகும், உங்கள் வரி போகாது.

கேள்வி: அரேபியர் என்றாலே முஸ்லிம்தானே?

பதில்: இல்லை. லெபனானிலும் சிரியாவிலும் தலைமுறை தலைமுறையாக அரபு பேசும் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள். உலக முஸ்லிம்களில் அரேபியர் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியா அரபு நாடே அல்ல. ஈரானியரில் பெரும்பாலோர் அரேபியர் அல்லர், துருக்கியரும் அப்படியே.

இந்தக் குழப்பம் உயிரையும் பறித்திருக்கிறது. 2001 செப்டம்பர் 15 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் மேசா நகரில், பெட்ரோல் பங்க் நடத்திவந்த பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாள் முன்பு நியூயார்க் இரட்டைக் கோபுரம் தாக்கப்பட்டதற்குப் பழிவாங்கக் கிளம்பிய கொலைகாரன் கண்ணில் தலைப்பாகையும் தாடியும்தான் பட்டன, அவரை அரேபியர் என்று நினைத்துவிட்டான். இதைச் சொல்லும்போது பலர் “பாவம், அவர் முஸ்லிம்கூட இல்லை” என்பார்கள். அந்த ‘கூட’வில்தான் விஷம் இருக்கிறது: முஸ்லிமாக இருந்திருந்தால் மட்டும் சரியா?

கேள்வி: பஸ்ஸில் ஹிஜாப் அணிந்த பெண்ணை ஒருவன் வம்புக்கு இழுத்தால்?

பதில்: அவனைத் திரும்பியே பார்க்காதீர்கள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்று, எந்த ஸ்டாப்பில் இறங்குகிறார் என்பது போல ஏதாவது பேச்சுக் கொடுங்கள். வம்பு பார்க்க ஆள் இல்லாவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடுவான். முற்றினால் டிரைவரிடம் சொல்லுங்கள். வேறொருவர் உதவிக்கு வந்த பிறகே வீடியோ எடுங்கள். அதை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள், நீங்களாக வெளியிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் நல்லிணக்க விருந்து வைத்தோம். சாப்பிட்டார்கள், போனார்கள். ஒன்றும் மாறவில்லையே?

பதில்: மாறாதுதான். இரு பிரிவினர் பழகுவதால் வெறுப்பு குறைய வேண்டுமானால் நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்று கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே சொன்னார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, பொறுப்பில் இருப்பவர்களின் ஆதரவு. விருந்தில் ஒருவர் உபசரிக்கிறார், மற்றவர் விருந்தாளி. முதல் நிபந்தனையே அடிபட்டுப் போகிறது. அதற்குப் பதில் தண்ணீர்ப் பிரச்சினைக்கோ பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்கோ ஒரு குழு போடுங்கள். பொருளாளர் பொறுப்பை ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குக் கொடுத்தால் தினமும் பேச வேண்டி வரும். மேடையேற்றி “உங்கள் மதம் பற்றிச் சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள்.