பட்டறை பதில்கள்: அந்த வீல் உங்கள் காருக்கு உட்காருமா?

(கொழிஞ்சாம்பாறையில் வீல் அலைன்மென்ட் பட்டறை நடத்துபவர் வாசகர்களின் கார்க் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை கூப்பே கார் வைத்திருப்பவர்களின் கடிதங்கள்.)

அண்ணா, செகண்ட் ஹேண்டில் 2012 மாடல் ஆடி டிடி குவாட்ரோ வாங்கியிருக்கிறேன். இப்போது இருப்பது 18 அங்குல மேக் வீல். உள்பக்கம் 9ஜே, ஈடி 52 என்று பொறித்திருக்கிறது. டயர் 245/40 ஆர்18. கோயம்புத்தூரில் ஒரு கடையில் 19 அங்குலம், 9.5ஜே, ஈடி 35, பிசிடி 5×112, நடுத்துளை 66.6 என்று ஒரு செட் பார்த்தேன். மனசு அதிலேயே நிற்கிறது. "அஞ்சு போல்ட்டும் சேருது, அப்புறம் என்ன" என்கிறார் கடைக்காரர். முன்பணம் கொடுக்கலாமா?
*சித்தூர் வாசகர்*

கொடுக்க வேண்டாம் தம்பி. கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை, 5×112 (112 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட் துளை, இதைத்தான் பிசிடி என்பார்கள்) உங்கள் ஹப்பில், அதாவது வீலை மாட்டும் அச்சு முனையில், சேரும். ஆனால் போல்ட் சேர்ந்துவிட்டது என்பதற்காக வீல் உட்கார்ந்துவிட்டது என்று ஆகாது. உங்கள் கடிதத்திலேயே எல்லா எண்ணும் இருக்கிறது. வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஈடி என்பது இதுதான். வீலின் அகலத்துக்குச் சரிநடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறதோ, அந்த எண்தான் ஈடி. எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். 52-லிருந்து 35-க்குப் போனால் 17 மில்லிமீட்டர் வெளியே வருகிறது. அதோடு அகலமும் 9ஜேயிலிருந்து 9.5ஜே ஆகிறது (ஜேக்கு முன்னால் இருப்பது ரிம்மின் அகலம், அங்குலத்தில்). அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், அதில் பாதி, 6.35, வெளிப்பக்கம் சேரும். ஆக மொத்தம் 23 மில்லிமீட்டருக்கு மேல் உங்கள் வீல் இப்போது இருக்கும் இடத்தைவிட வெளியே துருத்தும். கார் நிற்கும்போது பார்க்க அழகாக இருக்கும். பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதி ஏறும்போது டயர் ஃபெண்டர் (வீலுக்கு மேலே வளைந்திருக்கும் உடல் தகடு) விளிம்பை உரசும்.

"உரசினால் ஃபெண்டர் விளிம்பை மடக்கி விடலாம்" என்று யாராவது சொல்வார்கள். டிடியில் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். அந்தக் காரின் உடலில் பெரும்பகுதி அலுமினியம். இரும்புத் தகடு மாதிரி சுத்தியலுக்கு வளைந்து கொடுக்காது, பெயின்ட் வெடித்து விளிம்பே விரியும். அதைச் சரிசெய்யத் தெரிந்த டிங்கரிங் ஆளை இந்தப் பக்கம் தேடிக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். இன்னொரு விஷயம்: வீல் வெளியே போகப் போக வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங் கையை இழுக்கும். இடவப்பாதி மழையில் டயர் வாரும் சேறு முழுக்கக் கதவில் வந்து அப்பும்.

19 அங்குலம் போட்டே தீர வேண்டும் என்றால் 8.5ஜே, ஈடி 45 தேடுங்கள். ஆடி, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களுக்கு நிறையப் பேர் செய்கிற அளவு அது, சுலபமாகக் கிடைக்கும். கணக்குப் போட்டால் வெளிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. உள்பக்கம் 13 மில்லிமீட்டர் கூடுதல் இடம் கிடைக்கும், ஷாக் அப்சார்பர் பக்கம் பயமே இல்லை. டயர் 245/35 ஆர்19 போடுங்கள். இப்போதைய டயரின் முழு விட்டம் 653 மில்லிமீட்டர், இதன் விட்டம் 654. ஸ்பீடோமீட்டர் மாறாது. லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் சுமையைக் குறிக்கும் எண்) 93-க்குக் கீழே இறங்காதீர்கள். இந்த அளவில் 93 வேண்டுமென்றால் பக்கவாட்டில் எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் டயர்) என்று இருக்கும். அதற்குக் காற்றும் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும். குவாட்ரோ (நான்கு வீலுக்கும் இன்ஜின் சக்தி போகும் வகை) என்பதால் நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும்.

நடுத்துளையை மறந்துவிடாதீர்கள். உங்கள் ஹப் 57.1. வீல் 66.6 என்றால் இடையில் 66.6–57.1 வளையம் கட்டாயம். அப்புறம் போல்ட். எனக்கு ரொம்பக் கவலை தருவது இதுதான். ஆடியின் ஒரிஜினல் போல்ட்டின் தலைக்குக் கீழே பந்து மாதிரி உருண்டை. வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு. உருண்டையைக் கூம்பில் வைத்து முறுக்கினால் இறுகின மாதிரிதான் தெரியும். உண்மையில் மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே ஒட்டிக்கொண்டு நிற்கும், ஓட ஓடத் தளரும். சந்தேகம் இருந்தால் போல்ட் உட்காரும் இடத்தில் மார்க்கர் மை தடவி, கையால் முறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மை அகலமான வளையமாக அழிந்திருந்தால் சரி. ஒரு கீற்று மட்டும் அழிந்திருந்தால் அந்தப் போல்ட் வேண்டாம், கூம்புத் தலையில் எம்14×1.5 (14 மில்லிமீட்டர் தடிமன், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர்) புதிதாக வாங்குங்கள்.

டயர் மாட்டுவதற்கு முன்னால் வெறும் வீலை ஒருமுறை ஹப்பில் வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் காலிப்பருக்கும் வீலுக்கும் இடையே 3 மில்லிமீட்டராவது வேண்டும். பேலன்சிங் எடை ஒட்டுவது அங்கேதான் என்பதையும் கணக்கில் வையுங்கள். டயர் மாட்டிய பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, பின்சீட்டில் ஆளை உட்கார வைத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

என்னைக் கேட்டால் 18-லேயே இருங்கள். நல்ல டிசைனில், எடை குறைந்த 18 அங்குலம் வாங்கினால் காரின் ஓட்டமே மாறும். 35 புரொஃபைலில் (பக்கச்சுவரின் உயரம் டயர் அகலத்தில் 35 சதவீதம்) டயரின் பக்கச்சுவர் 12 மில்லிமீட்டர் குறைகிறது. மழை முடிந்த பிறகு நம் ஊர் உள்சாலைகளில் அந்த 12 மில்லிமீட்டர்தான் ரிம்மைக் காப்பாற்றும்.

ஃபோர்டு மஸ்டாங்குக்கு வெளியில் 20 அங்குல வீல் போட்டேன். வாளையார் ஹைவேயில் 90-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. வேறு வேறு கடையில் பேலன்சிங் பார்த்தாயிற்று, எல்லோரும் "சரியாத்தான் இருக்கு" என்கிறார்கள்.
*வேலந்தாவளம் வாசகர்*

அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். பேலன்சிங் மெஷினில் வீலை நடுத்துளையில் கூம்பு வைத்து மாட்டுவார்கள், அங்கே அது நடுவில் நிற்கும். உங்கள் காரில் நடுவில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. மஸ்டாங் ஹப்பின் விட்டம் 70.5. வெளி வீல்கள் பல கார்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 73.1 துளையோடு வரும். நீங்கள் துளையின் அளவை எழுதவில்லை. அளந்து பாருங்கள், 73.1-ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வளையம் இல்லாமல் மாட்டினால் வீல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து இறுகினாலே போதும், வேகத்தில் கை நடுங்கும்.

73.1–70.5 வளையம் நான்கு வாங்குங்கள், பெரிய விலை இல்லை. மலைச்சாலையில் இறங்குவது அதிகம் என்றால் அலுமினிய வளையம் நல்லது. பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் இளகும். அலுமினியம் மழைக்குத் துருப்பிடித்த ஹப்போடு ஒட்டிக்கொள்ளும், அதனால் மாட்டும் முன் ஹப்பைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து கொஞ்சம் ஆன்டி-சீஸ் தடவச் சொல்லுங்கள். அந்தப் பசை ஸ்டட் மரையில் படக் கூடாது.

முறுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். கார் ஜாக்கில் இருக்கும்போதே ஐந்து நட்டையும் கையால், நட்சத்திர வரிசையில் உட்கார வையுங்கள். தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சில் 204 நியூட்டன் மீட்டர். ஆடிக்கு 120, மஸ்டாங்குக்கு 204. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி ஏர் கன்னில் அடிக்கிற கடைகள் பாலக்காட்டிலும் உண்டு, பொள்ளாச்சியிலும் உண்டு. பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை ரெஞ்சு வைத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நடுக்கம் இருந்தால் ரிம்மே வளைந்திருக்கலாம். பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மைச் சுழற்றி, விளிம்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய போல்ட்டையே வைத்து 20 மில்லிமீட்டர் ஸ்பேசர் (வீலை வெளியே தள்ள ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு) போடலாமா?
*நாட்டுக்கல் வாசகர்*

கூடாது. எம்14×1.5 போல்ட் குறைந்தது ஏழரைச் சுற்று மரையில் இறங்க வேண்டும். 20 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் பழைய போல்ட் ஓரிரண்டு சுற்றில் நிற்கும், அல்லது எட்டவே எட்டாது. போட்டே ஆக வேண்டும் என்றால் ஸ்பேசர் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை நீளம் கூடிய போல்ட் வேண்டும். உங்கள் காருக்கு ஸ்பேசரே தேவையா என்று முதலில் யோசியுங்கள்.

நாங்கள் பாலக்காட்டில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். என்னிடம் ஒரு பழைய மெர்சிடிஸ் கூப்பே இருக்கிறது. வீல் மாற்ற ஆசை. ஆனால் கேரளாவில் வண்டியில் எதை மாற்றினாலும் அபராதம் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா அண்ணா?
*பாலக்காடு வாசகி*

பயப்பட வேண்டாம் தங்கச்சி, ஆனால் வீட்டில் சொல்வதைத் தள்ளியும் விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அந்த வழக்கே கேரளாவிலிருந்து போனதுதான். 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. எல்லை தாண்டினால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். சோதனையில்தான் இந்தப் பக்கம் கெடுபிடி அதிகம்.

ஆகவே உங்கள் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் அளவுகளுக்குள் தேர்ந்தெடுங்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ டயர் அளவுகள் ஒட்டியிருக்கும், கையேட்டிலும் இருக்கும். அதே விட்டம், அதே டயர், வேறு டிசைன் என்றால் யாருக்கும் சங்கடம் இல்லை. டயர் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால்தான் ஆய்வாளரின் கண் முதலில் அங்கே போகும். வாங்குவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துப் பாலிசியில் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் விபத்தில் வீல் உடைந்தால் அந்தப் பணம் வராது. பழைய வீல் நான்கையும் விற்றுவிடாதீர்கள்.

பழைய வீல் செட் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. ஜேடபிள்யூஎல் முத்திரை இருக்கிறது. நம்பி வாங்கலாமா?
*கோபாலபுரம் வாசகர்*

ஜேடபிள்யூஎல் என்பது ஜப்பானின் தரம். ஆனால் அந்த முத்திரையைத் தயாரிப்பாளரே சோதித்துப் போட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் விஐஏ முத்திரையும் இருந்தால் வெளியார் சோதனையும் நடந்திருக்கிறது என்று பொருள். போலி வீல்களில் இரண்டையுமே வார்த்துவிடுகிறார்கள், எனவே முத்திரையோடு நிறுத்தாதீர்கள். உள்பக்கம் தாங்கும் சுமை கிலோவில் இருக்கும். அதை இரண்டால் பெருக்கினால் உங்கள் காரின் ஓர் அச்சுக்கு அனுமதித்த சுமையைவிடக் குறையக் கூடாது. எண்ணே இல்லாத வீல் வேண்டாம்.

டயரைக் கழற்றச் சொல்லி, உள்பக்கத்தைக் கழுவி, வெயிலில் வைத்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் உள்விளிம்பில்தான் வரும், பள்ளத்தில் அடிவாங்குவது அங்கேதான். ஸ்போக்கின் பின்பக்கத்தையும் போல்ட் துளைகளைச் சுற்றியும் விரலால் தடவுங்கள். புதுப் பெயின்ட் உள்ளேயும் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வெல்டிங் தழும்பு தெரிந்தால், கால் விலைக்குக் கொடுத்தாலும் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.