மேடு ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, வாயுதானா?

கேள்வி: எனக்கு வயது 56. கருங்கல் பக்கம் வீடு. 22 வருடம் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்த்தேன், முட்டுவலி வந்ததால் இப்போது போவதில்லை. மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகிறது. இரண்டு வருடம் முன்னால் பிரஷர் மாத்திரை தந்தார்கள், நார்மல் ஆனதும் நிறுத்திவிட்டேன். போன மாதச் சோதனையில் பிரஷர் 152/94, வெறும் வயிற்றில் சர்க்கரை 114, கெட்ட கொழுப்பு 164. ஒரு மாதமாக சர்ச்சுக்குப் போகும் மேட்டில் ஏறினால் நெஞ்சு இறுகி, தாடை வரை கடுக்கிறது. நின்றால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். வாயு என்று சுக்குத் தண்ணீர் குடிக்கிறேன். வளைகுடாவில் இருக்கும் மகன் தேங்காய் எண்ணெயையும் மரச்சீனியையும் (மரவள்ளிக் கிழங்கையும்) விடச் சொல்கிறான். கணவர் பீடி குடிப்பவர். பெண்களுக்கு ஹார்ட் அட்டாக் அவ்வளவாக வராது என்கிறார்களே? இதயத்தைப் பாதுகாக்க நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, எண்ணெய்க்கும் மரச்சீனிக்கும் அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மேட்டைப் பற்றிப் பேசிவிடுவோம்.

வாயுவால் வரும் வலி சாப்பிட்ட பிறகு வரும், படுத்தால் வரும், குனிந்தால் வரும். மேடு ஏறினால் வந்து, நின்றால் போகிற வலி பெரும்பாலும் இதயத்தின் வலி. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து வழி குறுகியிருந்தால், சும்மா இருக்கும்போது அந்த ரத்தம் போதும். மேடு ஏறும்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும், குறுகிய குழாயால் அதைக் கொடுக்க முடியாது. அந்தத் தவிப்புதான் நெஞ்சில் இறுக்கமாகவும் தாடையில் கடுப்பாகவும் தெரிகிறது. ஒரு மாதத்துக்குள் புதிதாக வந்தது என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. நாளைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, உங்கள் பக்கத்தில் இதய மருத்துவர் இருக்கும் இடத்துக்கோ போங்கள். பார்க்கும்வரை மேடு ஏற வேண்டாம், குடம் தூக்க வேண்டாம்.

அங்கே இ.சி.ஜி. எடுத்து நார்மல் என்று சொன்னால் நிம்மதியாகத் திரும்பி வந்துவிடாதீர்கள். படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி. இந்த வகை வலியில் நார்மலாகவே இருக்கலாம். "ஏறும்போதுதான் வருகிறது" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனும் பார்ப்பார்கள். டிரெட்மில்லில் நடக்க வைக்கும் சோதனைக்கு உங்கள் முட்டு ஒத்துழைக்காது, அதனால் முட்டுவலியையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி மருந்து கொடுத்துச் செய்யும் சோதனை, இதயக் குழாய்களை ஸ்கேனில் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோ என்று வேறு வழிகள் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

பெண்களுக்கு வராது என்பது தப்பு. மாதவிடாய் இருக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஓரளவு காவல் காக்கிறது. நின்ற பிறகு அந்தக் காவல் குறைகிறது, பிரஷரும் கெட்ட கொழுப்பும் ஏறுகின்றன. போதாததற்கு, பெண்களுக்கு நடு நெஞ்சில் வலி வராமல் தாடை, மேல் முதுகு, மூச்சு முட்டல், குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் வரலாம். வீட்டில் எல்லாரும் வாயு என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

சில வருடம் முன்னால் விடியற்காலையில் ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள். உங்கள் வயதுதான் இருக்கும். முந்தின இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்த வலி. முதலில் ஓமத் தண்ணீர், அப்புறம் சோடா, அப்புறம் நெஞ்சு முழுக்கத் தைலம். இ.சி.ஜி. எடுக்கும் முன் அந்தத் தைலத்தைப் பஞ்சால் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த எட்டு மணி நேரத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. இப்போது கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தாலே திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். உங்கள் கடிதத்தில் சுக்குத் தண்ணீர் என்று படித்ததும் அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

சும்மா இருக்கும்போது வலி வந்தாலோ, ஓய்வெடுத்தும் பத்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, கூடவே வியர்த்துக் கொட்டினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கின் பின்னால் ஏறிப் போகக் கூடாது. 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு முதல் தவணையாக 14 மாத்திரைகள் தருகிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளும் கொழுப்பு மாத்திரையும் அதில் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் தரும், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை மட்டும் வேண்டாம். பிரஷர் திடீரென்று இறங்கி மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பிரஷர். நார்மல் ஆனது மாத்திரையால்தான், நிறுத்தினால் பழையபடி ஏறிவிடும். உங்களைப் போல நிறுத்திவிட்டு வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. 130/80-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்துகொண்டால் மாத்திரை வீட்டுக்கே வரும். கெட்ட கொழுப்பு 164 அதிகம். குழாயில் அடைப்பு உறுதியானால் அதை 70-க்கும் கீழே இறக்க வேண்டியிருக்கும், சாப்பாட்டை மாற்றினால் மட்டும் அவ்வளவு இறங்காது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினால் பயப்படாமல் போடுங்கள். சர்க்கரை 114 என்பது நோய்க்கு முந்தைய படி, இன்னும் திருப்பலாம்.

இனி மகன் சொன்னது. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. கெட்ட கொழுப்பை மற்ற தாவர எண்ணெய்களைவிட அது அதிகமாக ஏற்றுகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைக் கேட்கப் பிடிக்காது, எனக்கும் சொல்லப் பிடிக்காது. அவியலுக்கு மேலே ஒரு ஸ்பூன் ஊற்றும் வாசனையை நான் பறிக்க மாட்டேன். தாளிக்கவும் பொரிக்கவும் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணெயானாலும் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். மீன் குழம்புக்கு அரைக்கும் தேங்காயைப் பாதியாக்குங்கள்.

மரச்சீனி முழுக்க மாவுச்சத்து. சோறும் தின்று மேலே அதையும் தின்றால்தான் வம்பு. கிழங்கு அவிக்கும் நாளில் சோற்றை விட்டுவிட்டு, நாலு துண்டோடு நிறுத்துங்கள். சாளை மீனும் அயிலை மீனும் தாராளமாகச் சாப்பிடலாம், இதயத்துக்கு நல்ல கொழுப்பு அவற்றில் இருக்கிறது. பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். கருவாடும் ஊறுகாயும்தான் உங்கள் பிரஷருக்கு எதிரி. ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே ஒரு டீஸ்பூன்தான்.

நடை நல்லதுதான், ஆனால் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு. அப்போதும் மேடு வேண்டாம், குளத்தங்கரை போன்ற சம தரையில் மெதுவாகத் தொடங்குங்கள்.

கணவரையும் நாளைக்குக் கூடவே கூட்டிப் போங்கள். வீட்டில் சுற்றும் பீடிப் புகை உங்கள் ரத்தக் குழாயையும் கெடுக்கிறது. அவருக்கும் பிரஷர் பார்க்கட்டும், பீடியை விடுவதற்கான உதவியையும் கேளுங்கள். போன மாதச் சோதனைச் சீட்டையும், நிறுத்திய மாத்திரையின் அட்டையையும் இன்று ராத்திரியே பையில் எடுத்து வைத்துவிடுங்கள்.