மூன்று இரவு பனிமலையில்: வாசகர் கேள்விகளுக்குப் பூட் கடைக்காரர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சின்ன லீவு, மலை ரிசார்ட்டில் தங்கல், பனிச்சறுக்கு. ரிசார்ட் ஒன்றின் வாடகைக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று, வருகிறவர்கள் காலில் பூட் மாட்டிவிட்டே காலம் தள்ளியவன் நான். அதனால் ஆசிரியர் கட்டு முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார்.

கேள்வி: வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து திங்கள் மாலை கிளம்புகிறோம். நான், கணவர், பதினொரு வயது மகள். மூவருக்குமே பனிச்சறுக்கு புதிது. அடிவாரத்து ஊரில் பெரிய அறை கிடைக்கிறது, பஸ்ஸில் இருபது நிமிடம். மேலே சரிவை ஒட்டிச் சின்ன அறை, வாடகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எதை எடுப்பது?

பதில்: மேலே இருக்கும் சின்ன அறையை எடுங்கள். ஒரு வாரம் தங்குகிறவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். மூன்று நாளுக்கு இதுதான்.

இருபது நிமிடம் என்பது பஸ் ஓடும் நேரம் மட்டும். ஸ்கீயை, அதாவது காலில் மாட்டிச் சறுக்கும் நீளப் பலகைகளை, தோளில் சாத்தி, கம்புகளைக் கையில் பிடித்து, மகளின் சாமானையும் யாராவது ஒருவர் சுமந்து, பனி உறைந்து வழுக்கும் நடைபாதையில் நிறுத்தம் வரை போவது அதில் சேராது. ஸ்கீ பூட் கணுக்காலை அசையவே விடாது. அதைப் போட்டுக்கொண்டு நாலு படி இறங்குவதற்குள் வியர்த்துவிடும். முதல் பஸ் நிரம்பி வழியும். மகளின் கையுறை அறையிலேயே கிடக்கிறது என்று மேலே வந்த பிறகு தெரிந்தால் அன்று காலை வகுப்பு போச்சு. மேலே தங்கினால் ஓடிப்போய் எடுத்து வந்துவிடலாம். மத்தியானம் அவள் சோர்ந்துபோனாலும் ஒருவர் அவளோடு அறைக்குப் போக, மற்றவர் சறுக்கிக்கொண்டிருக்கலாம். அடிவாரத்தில் தங்கினால் ஒருவர் களைத்தாலும் மூவரும்தான் கிளம்ப வேண்டும்.

ஆனால் ‘சரிவை ஒட்டி’ என்று விளம்பரத்தில் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். எந்தச் சரிவை ஒட்டி? புதிதாகப் பழகுகிறவர்களுக்கான மட்டச் சரிவு எல்லா ஊரிலும் ஓட்டல் வாசலில் இருக்காது. காஷ்மீரின் குல்மார்க்கில் அது கீழே புல்வெளிப் பக்கமே இருக்கிறது. கோண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் போய் இறங்கும் அஃபர்வத் மலையின் மேல்பகுதி பழகியவர்களுக்கானது. ஸ்விட்சர்லாந்தின் ஸெர்மாட்டில் நேர்மாறு: கற்றுக்குட்டிகள் சுரங்கப் பாதையில் ஓடும் இழுவை ரயிலில் ஏறி சுன்னெகாவுக்குப் போக வேண்டும். அங்கே ஊருக்குள் எவ்வளவு அழகான அறை எடுத்தாலும், ரயிலடி பக்கத்தில் இல்லையென்றால் உங்களுக்குப் பிரயோஜனம் குறைவு. அதனால் ரிசார்ட்டின் வரைபடத்தை விரித்துவைத்து, முதலில் பயிற்சிச் சரிவைக் கண்டுபிடியுங்கள். அறையை அதற்குப் பிறகு தேடுங்கள்.

வரவேற்பறைக்குப் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். பூட் காயவைக்கும் சூடான அறை உண்டா? ஈரம் காயாத பூட்டில் மறுநாள் காலை கால் நுழைப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. வெள்ளி இரவு பஸ் தாமதமானால் சாப்பாடு எத்தனை மணி வரை கிடைக்கும்? இதை யாரும் கேட்பதில்லை. பிறகு பிஸ்கட்டோடு படுக்கிறார்கள். மூன்றாவது, திங்கள் காலை அறையைக் காலிசெய்த பிறகு பெட்டிகளை வைக்கவும் மாலையில் உடை மாற்றவும் இடம் தருவார்களா? ‘தருவோம்’ என்றால் உங்களுக்கு அரை நாள் மிச்சம்.

ஒரே எச்சரிக்கை, உயரம். 2,500 மீட்டருக்கு மேல் தூங்கும் முதல் இரவில் பலருக்குத் தலைவலி வரும், தூக்கம் பிடிக்காது. குல்மார்க்கே சுமார் 2,650 மீட்டர். முதல் ராத்திரி மது வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள். தலைவலி விடாமல் கூடிக்கொண்டே போய் வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்காதீர்கள், கீழே இறங்கிவிடுங்கள்.

கேள்வி: போன வருஷம் வாடகை பூட் போட்டு இரண்டு நாளும் கால் வலி. இந்த வருஷம் ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் கேட்பார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வலி வந்ததே பெரிய பூட்டால்தான். உள்ளே கால் ஆடினால், ஆட்டத்தை நிறுத்த கொக்கியை இறுக்குவீர்கள். இறுக்கினால் பாதத்தின் மேற்பக்கம் நசுங்கும், விரல் மரத்துப்போகும்.

கடையில் இப்படிச் செய்யுங்கள். ஸ்கீ பூட்டின் அளவு பாத நீளம், சென்டிமீட்டரில், 26.5 என்றால் இருபத்தாறரை சென்டிமீட்டர் பாதம். கடைக்காரர் உங்கள் ஷூ நம்பரைக் கேட்டு எதையாவது எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள், அளக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழ் வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி போதும். குளிருக்கு என்று இரண்டு போட்டால் இடையில் மடிப்பு விழுந்து கொப்புளம்தான் மிச்சம். உள்ளாடையின் கால் பகுதியைப் பூட்டுக்குள் திணிக்காதீர்கள். கெண்டைக்காலில் அந்தத் தையல் பதிந்து சிவந்துபோன கால்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் உட்காரவையுங்கள். பிறகு மேல் கொக்கிகள், கடைசியில் கீழ்க் கொக்கிகள். நேராக நிற்கும்போது பெருவிரல் முன்சுவரை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விலகிக்கொள்ள வேண்டும். அப்படி விலகினால் அதுதான் உங்கள் பூட்.

இன்னொன்று. எடை, உயரம், வயது, அனுபவம் என்று படிவத்தில் கேட்பது சும்மா இல்லை. விழும்போது எவ்வளவு விசையில் ஸ்கீ பூட்டை விட்டுக் கழல வேண்டும் என்பதை இவற்றோடு பூட்டின் அடி நீளத்தையும் சேர்த்துத்தான் பைண்டிங்கில், அதாவது பூட்டை ஸ்கீயோடு சேர்த்துவைக்கும் பிடியில், திருகி வைப்போம். பக்கத்தில் நிற்பவர் காதில் விழுமே என்று எடையில் எட்டுப் பத்து கிலோ குறைத்துச் சொல்வார்கள். அவர்களின் ஸ்கீ திருப்பத்தில் சும்மாவே கழன்றுவிடும். வேறு சிலர் முதல் நாளே ‘நன்றாகத் தெரியும்’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பார்கள். அவர்கள் விழும்போது கழல வேண்டிய ஸ்கீ கழலாது, முழங்காலின் தசைநார் கிழியும். பொய் சொல்லியே தீருவேன் என்றால் வயதைக் கூட்டிச் சொல்லுங்கள்!

கேள்வி: வீடியோ பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டேன், மனைவிக்கும் நானே சொல்லித் தருவேன். பயிற்சி வகுப்பு வீண் செலவுதானே?

பதில்: உங்கள் மனைவி இந்தக் கடிதத்தைப் பார்த்தாரா? கணவர் மனைவிக்குச் சறுக்கச் சொல்லித் தரும் காட்சியை எங்கள் கடை ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கலாம். முதல் அரை மணி சிரிப்பு. பிறகு ஒருவர் மட்டும் நடந்து இறங்குவார்.

மூன்று நாளும் காலையில் குழு வகுப்பு, மாலையில் அதே சரிவில் சொந்தப் பழக்கம். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. முதல் நாள் ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, கலப்பைபோல் பனியைத் தள்ளி நிற்கக் கற்றுத்தருவார்கள். வீடியோவில் இது இரண்டு நிமிடம். காலில் வருவதற்கு ஒரு காலை வேளை ஆகும். நிற்கத் தெரியாமல், சரிவின் மேலே கொண்டுபோய் விடும் லிஃப்டில் ஏறிப் போகிறவர் மற்றவர்களுக்கும் ஆபத்து. உலகப் பனிச்சறுக்கு கூட்டமைப்பின் நடத்தை விதிகளில் முக்கியமானது இது: பின்னால், மேலிருந்து வருகிறவர்தான் முன்னால் கீழே இருப்பவருக்கு வழிவிட வேண்டும். நிறுத்தத் தெரியாதவர் எப்படி வழிவிடுவார்?

வகுப்புக்குக் கொடுக்கும் பணத்தை லிஃப்ட் பாஸில் மிச்சம் பிடியுங்கள். மலை முழுவதற்குமான பாஸ் உங்களுக்குத் தேவையில்லை. பயிற்சிச் சரிவுக்கு மட்டும் குறைந்த விலைப் பாஸ் பல ரிசார்ட்டுகளில் உண்டு, கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். கிளம்பும் முன்பே கொஞ்சம் கால் பழக்கிக்கொள்ள நினைத்தால் உள்ளரங்கப் பனிச் சரிவுகளும் இருக்கின்றன. துபாயில் 2005 முதல் ஒரு மாலுக்குள்ளேயே ஓடுகிறது.

கேள்வி: வரைபடத்தில் நீலச் சரிவு என்றால் எளிது என்று அர்த்தமா?

பதில்: எந்த நாட்டு வரைபடம்? ஆஸ்திரியாவிலும் ஸ்விட்சர்லாந்திலும் நீலம்தான் ஆரம்பம். பிரான்சில் அதற்கும் கீழே பச்சை இருக்கிறது. வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஜப்பானில் பச்சைக்கு அடுத்தது சிவப்பு. தவிர, நிறம் அந்த மலைக்குள் ஒப்பிட்டுப் போடுவது. ஒரு மலையின் நீலம் இன்னொன்றின் சிவப்பாக இருக்கலாம். காலை ஏழு மணிக்குச் சீப்பு வாரியதுபோல் கோடு கோடாக இருக்கும் சரிவு, மாலை நாலு மணிக்கு மேடு பள்ளமாகிக் கட்டி தட்டியிருக்கும். நிறம் என்னவோ அதேதான்.

கேள்வி: ஜீன்ஸ் போட்டுச் சறுக்கலாமா?

பதில்: கூடாது. பருத்தி ஈரத்தைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு உறையும். நீர் புகாத கால்சட்டை வாடகைக்கே கிடைக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. சறுக்க மாட்டார், ஆனால் பனி பார்க்க ஆசை. கூட அழைத்துப்போனால் அவருக்குப் பொழுது போகுமா?

பதில்: போகும், கொஞ்சம் திட்டமிட்டால். கோண்டோலாவில் ஏறிப்போய்த் திரும்ப, சறுக்காதவர்களுக்குத் தனி டிக்கெட் உண்டு. ஆனால் நாற்காலி லிஃப்டுகள் சிலவற்றில் ஸ்கீ இல்லாதவர்களை ஏற்ற மாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் சந்திக்கும் இடத்தை இதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அம்மா தனியாக வந்து சேரும்படி இருந்தால் அவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் காவல் வேலை இல்லை.

கறுப்புக் கண்ணாடியை மட்டும் மறக்கவே கூடாது. புதுப் பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். மேகம் மூடிய நாளில்கூடக் கண் மணல் கொட்டினதுபோல் எரிந்து, ராத்திரி முழுக்க நீர் வழிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூக்கின் அடிப்பக்கத்துக்கும் தாடைக்கும் சன்ஸ்கிரீன் தடவச் சொல்லுங்கள், வெயில் கீழிருந்தும் வரும். இதயத் தொந்தரவோ ரத்த அழுத்தமோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் உச்சி வரை கூட்டிப்போக வேண்டாம். குல்மார்க்கில் இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 4,000 மீட்டரைத் தொடுகிறது. அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் அறுபது சதவீதம் சொச்சம்தான்.

கேள்வி: அறை எடுத்தாகிவிட்டது. பனியே விழாவிட்டால்?

பதில்: செயற்கைப் பனி தூவும் ரிசார்ட்டா என்று பாருங்கள். அதற்கும் குளிர் வேண்டும்: ஈரப்பதத்தையும் கணக்கில் சேர்த்த வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி அளவுக்காவது இறங்கினால்தான் எந்திரத்திலிருந்து வருவது பனியாகும், இல்லாவிட்டால் மழைதான். பருவத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ போகிறீர்கள் என்றால், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாக எடுங்கள். பயணக் காப்பீட்டுத் தாளையும் ஒரு தடவை படியுங்கள். பனிச்சறுக்கே அதில் சேராமல் இருக்கலாம். சேர்ந்திருந்தாலும், குறியிட்ட பாதையை விட்டு வெளியே போனால் பணம் தராத பாலிசிகள் நிறைய.

கேள்வி: மூன்றாவது நாள் ஒரு மாறுதலுக்கு, இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்டு எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அன்றைக்குத்தான் ஸ்கீ உங்கள் சொல்லைக் கேட்க ஆரம்பித்திருக்கும். ஸ்னோபோர்டில் முதல் நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்திருப்பதிலேயே போய்விடும். விழுந்தால் கையை ஊன்றுவீர்கள், ஊன்றினால் மணிக்கட்டு. இல்லை, எடுத்தே தீருவேன் என்றால் மணிக்கட்டுக் காப்புறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் தானாக எடுத்துத் தர மாட்டார்கள்.