வளாகக் கழிவுநீர்ப் பரிசோதனை: கேள்வி பதில்

கேள்வி (காரைக்குடி மாணவி): ஐயா, விடுதி, கேன்டீன், வேதியியல் ஆய்வகம் மூன்றின் கழிவும் ஒரே சாக்கடையில் சேர்கிறது. எங்கே மாதிரி எடுப்பது?

பதில்: கடைசியில் மட்டும் எடுத்தால் எது கெடுக்கிறது என்று பிடிபடாதும்மா. மூன்றும் சேருமுன் ஒவ்வொரு மேன்ஹோலிலும் எடுங்கள், சேர்ந்தபின் ஒன்று எடுங்கள். காலையில் விடுதிக் குளியல், மதியம் கேன்டீன் எண்ணெய் என்று நேரத்துக்கு நேரம் மாறும். அதனால் மணிக்கொரு தடவை எடுத்து, ஓட்டத்துக்கு ஏற்ற அளவில் கலக்கவும். ஓட்டம் இரட்டித்தால் மாதிரியும் இரட்டிப்பு. எண்ணெய்க்கும் கோலிஃபார்முக்கும் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) கலவை ஆகாது, தனித்தனி பாட்டில். பி.எச்., வெப்பநிலை அங்கேயே பார்த்துவிட்டு, மற்றதை ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள். சி.ஓ.டி. (கழிவை வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்) பாட்டிலில் கந்தக அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே இறக்கணும். பி.ஓ.டி. (நுண்ணுயிர் கழிவைச் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) பாட்டிலில் ஒரு சொட்டும் விடாதீர்கள், நுண்ணுயிர் செத்துப்போகும்.

கேள்வி: டி.டி.எஸ். மீட்டர் 900 காட்டுது. மோசமா?

பதில்: அது நீரில் கரைந்த உப்பைக் காட்டும். மலக்கழிவைக் காட்டாது.

கேள்வி: பி.ஓ.டி. மிகக் குறைவாக வருகிறது. தண்ணீர் நல்லதுதானே?

பதில்: உடனே அப்படிச் சொல்ல முடியாது, முதலில் சோதனை சரியா என்று பாருங்கள். விடுதிக் கழிவின் பி.ஓ.டி. லிட்டருக்கு 200 மி.கி. அளவில் இருந்தால், 300 மி.லி. பாட்டிலில் 3, 6, 9 மி.லி. கழிவு விட்டு, மீதியை நீர்ப்பு நீரால் நிரப்பி மூன்று பாட்டில் வையுங்கள். ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.யாவது குறையணும், முடிவில் 1 மி.கி.யாவது மிஞ்சணும். ஆக்சிஜனை அளக்க மாங்கனீஸ் சல்பேட்டும் ஆல்கலி அயோடைடும் விட்டதும் வீழ்படிவு பழுப்பாக வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாக இருந்தால் தீர்ந்துவிட்டது, அந்த பாட்டில் கணக்கில் சேராது. சி.ஓ.டி. கூடி பி.ஓ.டி. மட்டும் குறைந்தால் குளோரினோ ஆய்வக நச்சோ நுண்ணுயிர்களைக் கொல்லலாம். அமிலம் விட்ட பாட்டிலா என்றும் பாருங்கள்.

கேள்வி (தேவகோட்டை): பி.ஓ.டி. சோதனைக்குப் புத்தகத்தில் 5 நாள், 20 டிகிரி. இங்கே ஏன் 3 நாள், 27 டிகிரி?

பதில்: நம் நாட்டு வெளியேற்ற வரம்பான லிட்டருக்கு 30 மி.கி. பி.ஓ.டி. அந்த 3 நாள், 27 டிகிரி கணக்குக்கு.

கேள்வி (இன்னொருவர்): நம்ம ஊர் வெயிலுக்கு இன்குபேட்டரே எதுக்குண்ணே? அறையிலேயே வைக்கலாமே!

பதில்: கூடாது தம்பி. அறை பகலில் கொதிக்கும், ராத்திரி இறங்கும். சூடு ஏறினால் வினை வேகமாகி எண் கூடும். வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜன் விட்டு எண்ணைக் குறைக்கும். இருட்டும் 27 டிகிரியும் மாறவே கூடாது.

கேள்வி: டி.டி.எஸ். 1,100. பி.ஓ.டி. எவ்வளவு?

பதில்: மேலே சொல்லியாச்சு, டி.டி.எஸ். உப்பைத்தான் காட்டும், அதை வைத்து பி.ஓ.டி. சொல்ல முடியாது.

கேள்வி: சோதித்த சி.ஓ.டி. கரைசலை எங்கே ஊற்ற?

பதில்: சிங்க்கில் வேண்டவே வேண்டாம். பாதரசமும் குரோமியமும் இருக்கு. தனி கேனில் லேபிள் ஒட்டி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

கேள்வி: பி.ஓ.டி. 30க்குக் கீழே வந்தால் ஊருணி வரத்துக்காலில் விடலாமா?

பதில்: விடாதீர்கள். ஊருணியில் தண்ணீர் தேங்கி நிற்கும், கரைத்துக் கொண்டுபோக ஓட்டம் இல்லை. நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியை வளர்க்கும். கோலிஃபார்ம் எவ்வளவு என்று பி.ஓ.டி. சொல்லாது. சுத்திகரித்த நீரை வளாகத்து மரங்களுக்குப் பாய்ச்சுங்கள்.