நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆவதற்கு நேரடித் தேர்வு உண்டா?

பி.எட். முடித்துவிட்டேன், மதுரைப் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக எந்தத் தேர்வை எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு தேர்வே கிடையாது. அந்தப் பதவிக்குப் பதவி உயர்வில்தான் போக முடியும். மேலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அந்த நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன்.

உங்களுக்கு முதல் படி டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். 150 மதிப்பெண்ணுக்கு நடக்கும் தேர்வு அது. அதில் தேறினால் மட்டும் வேலை வந்துவிடாது. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் நியமனத் தேர்வையும் எழுதித்தான் பட்டதாரி ஆசிரியராக முடியும். ஆறு முதல் எட்டு வரை பாடம் எடுத்துக்கொண்டு சீனியாரிட்டிக்குக் காத்திருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று கேட்காதீர்கள், எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமைப் பட்டியலை மாநில அளவுக்கு மாற்றிவிட்டது. பதவி உயர்வு வேறு மாவட்டத்திலும் வரலாம் என்பதால், மதுரையிலேயே தலைமை ஆசிரியர் ஆக வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கமுள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் கணக்கு வேறு, அவை தனி நிர்வாகம். உதவி பெறும் பள்ளி என்றால் நியமிப்பது அந்தப் பள்ளியின் நிர்வாகம்.

ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு பழைய ஆட்களையும் பிடித்துக்கொண்டது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்குள் இருப்பவர் டெட் இல்லாமல் பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. பேரன் பேத்தி எடுத்தவர்கள் குழந்தை மேம்பாட்டுப் பாடத்தை மனப்பாடம் செய்கிறார்கள். இத்தனை ஆண்டு வகுப்பெடுத்தவர்களிடம் இப்படிக் கேட்பது எனக்கு உவப்பில்லை. ஆனால் நீங்கள் இளையவர், இப்போதே முடித்துவிடுங்கள்.

வேலை எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று நம் நெல்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பிள்ளைகளுக்கு. நடுநிலைப் பள்ளியில் அந்தப் பிள்ளைகளும் உண்டு. ஆகவே காலை உப்புமாவும் மதியச் சத்துணவும் உங்கள் பொறுப்பு. நடுவில் மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், ஒழுகும் குடிநீர்த் தொட்டி. அத்தனைக்கும் இடையில் வகுப்பும் எடுக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை தலைமை ஆசிரியரின் தரத்தை எட்டாம் வகுப்பில்தான் பார்க்க வேண்டும். அந்த வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் ஒரு பிள்ளை தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை வரும். அந்தப் பணம் எத்தனையோ பெண் பிள்ளைகளை மில் வேலைக்குப் போகாமல் நிறுத்தியிருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போன பிள்ளை பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்ததா என்று ஜூன் மாதம் வீடு தேடிப் போய் விசாரிப்பதும் இந்த வேலைதான், எந்தப் பதிவேட்டிலும் அதற்குக் கட்டம் இல்லை.

நிர்வாகம்தான் பிடிக்கும், வகுப்பறை அவ்வளவாகப் பிடிக்காது என்றால், வட்டாரக் கல்வி அலுவலர் பணிக்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். அதற்கு நேரடித் தேர்வு உண்டு, பட்டமும் பி.எட்.டும் போதும். தலைமை ஆசிரியர்களின் பதிவேடுகளை ஆய்வு செய்யும் அதிகாரி அவர்தான்.